அக்காவின் ஊர் செஞ்சி

செஞ்சிக் கோட்டையை நான் முதலில் அறிந்தது அக்காவின் குரலில்தான். அத்தா அவர்கள் திண்டிவனத்தில் அரசாங்க அலுவலகமொன்றில் கணக்கராகப் பணியாற்றிய காலம் அது. அம்மை போட்டு நான் படுக்கையில் கிடந்தேன். எனக்கு வயது 7, அக்காவுக்கு 11. சந்தையிலிருந்து அத்தா வாங்கிவந்திருந்த ‘பெரிய எழுத்து’ தேசிங்கு ராஜன் கதைப் புத்தகத்தை வேப்பிலைக் கொத்தால் எனக்கு விசிறிக்கொண்டே அக்கா உரக்கப் படிப்பார். தேசிங்கு பாராசாரிக் குதிரையில் ஏறும் இடம் வந்தால் குரலை உயர்த்துவார். கலியாணப் பந்தலில் மாப்பிள்ளையாக அமர்ந்திருந்த மோவுத்துக்காரன், நண்பன் போருக்கழைக்கிறான் என்ற செய்தி கேட்டு எழுந்து புறப்படும் இடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, “பாக்கி நாளைக்கு” என்பார். நான் அழுவேன். அதற்காகவே அவர் மூடினார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கதையைப் படித்த பெண்ணைச் செஞ்சியிலேயே கட்டிக்கொடுப்போம் என்று அப்போது யாரும் எண்ணவில்லை. 1981இல், அத்தாவின் நெடுநாள் நண்பரொருவர் தம் மகனுக்கு அக்காவைக் கேட்டார். அவர்கள் வீட்டில் பேச்சு உருது. எங்கள் வீட்டில் தமிழ். உறவினர் சிலர் முணுமுணுத்தனர். “மொழியை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், குணத்தைக் கற்க முடியாது” என்று அத்தா நிக்காஹை முடித்துவிட்டார்கள். அக்கா நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டார்.

அன்றிலிருந்து 45 ஆண்டுகளாகக் கோட்டையின் நிழலிலேயே குடியிருக்கும் அக்கா ஒரு நாளும் கோட்டைக்குள் சென்றதில்லை. மாடியில் துணி காயப்போடும்போது மூன்று குன்றுகளும் கண்முன் நிற்குமாம். “தினமும் பார்க்கிறதற்கு எதற்குப் போய்ப் பார்ப்பது?” என்பார். தாஜ்மகாலைக் காணாத ஆக்ராவாசிகள் எத்தனையோ பேர். அதில் வியப்பில்லை. ஆனால் நான்? செஞ்சிக்குப் பத்துத் தடவைக்கு மேல் சென்றிருக்கிறேன். கடந்த 20 ஆண்டுகளில் ஓர் இரவுகூட அக்கா வீட்டில் தங்கியதில்லை. காலையில் போவேன், பகலுணவு உண்பேன், “வேலை இருக்கிறது” என்று மாலைக்குள் கிளம்பிவிடுவேன். அந்த வேலை என்னவென்பதை இந்த ஏடு படிக்கும் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தா 2004இல் வஃபாத்தானார்கள். அம்மா அதற்கு முன்னரே போய்விட்டார்கள். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடும் கொல்லையும் இருந்தன. வாரிசுகள் நாங்கள் இருவரே. எனக்கு இரண்டு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு. இதில் ஆலிம்களிடம் போய்க் கேட்கவும் ஒன்றுமில்லை. மறு ஆண்டு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். “வீடு ஒரே பெயரில் இருந்தால்தான் வரி கட்ட, பழுது பார்க்க வசதி. விற்கும்போது உங்கள் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அக்கா பத்திரத்தைப் படிக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டார். வீட்டுக்கு வந்து எனக்கு மீன் பொரித்துக் கொடுத்தார்.

2023இல் அந்த வீடு 36 லட்சத்துக்கு விலைபோயிற்று. அக்காவின் பங்கு 12 லட்சம். பள்ளிப்பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு. விற்ற செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். “அப்படியா, கொல்லையில் இருந்த முருங்கை என்னவாயிற்று?” என்று மட்டும் கேட்டார். நானும் முருங்கையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த மாதம் கொடுக்கலாம், பையனுக்கு வீட்டுக் கடன் அடையட்டும், பெருநாள் கழியட்டும் என்று மூன்றாண்டு ஓடிவிட்டது. ‘அக்கா கேட்கவில்லையே’ என்று என் மனம் எனக்கே சொன்ன சமாதானத்தை எழுதக் கூசுகிறது. ஆயினும் சொன்னது உண்மை.

இந்த ரமலானில் ஜகாத் கணக்குப் போட உட்கார்ந்தேன். வங்கியில் இருக்கும் தொகையை நான் சொல்லச் சொல்ல, என் மனைவி குறித்துக்கொண்டே வந்தார். திடீரென்று பேனாவை வைத்துவிட்டு, “இதில் உங்கள் அக்காவுடைய பணமும் இருக்கிறதே, அதற்கும் நீங்களேதான் ஜகாத் கொடுக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். கணக்குப் புரியாதவர் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். அன்றிரவு தராவீஹ் தொழுகையில் இமாம் ஓதியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டோம். நானும் மனைவியும் பின்னால், மகன் ஓட்டினான். சட்டைப் பையில் 12 லட்சத்துக்கு ஒரு காசோலை. அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். சுமார் 160 கிலோமீட்டர் தூரம். தாம்பரத்தைத் தாண்டவே ஒரு மணி நேரமாயிற்று. செங்கற்பட்டுக்கு அப்பால் பாலாறு மணலாய்க் கிடந்தது; மதுராந்தகம் ஏரியில் நீர் மின்னியது. பங்குனி வெயிலில் புளிய மரங்கள் தளிர்விட்டிருந்தன. வேம்பு பூத்து, கண்ணாடியை இறக்கினால் அந்த மெல்லிய கசப்பு மணம் உள்ளே வந்தது.

திண்டிவனத்தில் அஸர் தொழுதோம். நாங்கள் குடியிருந்த தெருவைக் காண ஆசைப்பட்டு மகனை வண்டியைத் திருப்பச் சொன்னேன். வீடிருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அக்கா எனக்கு விசிறிய திண்ணை எங்கே இருந்திருக்கும் என்று நடைபாதையில் நின்று கணித்துப் பார்த்தேன். கடைக்காரப் பையன், “என்ன சார் வேணும்?” என்றான். ஒன்றும் வேண்டாமென்று வந்துவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே திரும்பினால் நிலத்தின் தோற்றமே மாறத் தொடங்கிவிடுகிறது. நெல்வயலும் பனையுமாகச் சென்றுகொண்டிருந்த சாலையோரத்தில், யாரோ கூடையில் அள்ளிக் கொட்டியது போன்ற பாறைக் குவியல்கள். யானையளவு, வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இப்போது விழும், அடுத்த கணம் விழும் என்று அச்சுறுத்தியபடி பல்லாயிரம் ஆண்டுகளாக விழாமல் நிற்கின்றன. ஓரிடத்தில் நுங்கு வாங்கினோம். வெட்டிக் கொடுத்த அம்மாள், “கோட்டைக்கா?” என்றார். “அக்கா வீட்டுக்கு” என்றேன். இரண்டு நுங்கு கூடுதலாகக் கிடைத்தது.

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார். 2019இல் நெஞ்சு அறுவை செய்துகொண்டவர்; உடம்பு பாதியாகியிருந்தது, சிரிப்பு குறையவில்லை. அக்காவின் பேத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “சென்னை தாதா வந்துட்டாங்க!” என்று தெருவுக்கே அறிவித்தாள். உருது பேசும் அவ்வீட்டில் தாதா என்றால் பாட்டனார். சென்னையில் அச்சொல்லுக்குள்ள பொருளை எண்ணி என் மகன் இரவெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரவு உணவுக்குப் பிரியாணி அவர்கள் முறை, தாளிச்சா எங்கள் அம்மாவின் முறை. உண்டபின் அக்கா தனியே அடுக்களையில் இருந்த வேளை பார்த்துச் சென்று, “அக்கா, ஒரு விஷயம் பேசவேண்டும்” என்று சட்டைப் பையில் கைவைத்தேன். அவர் என் கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். “இரண்டு நாள் இருக்கப்போகிறாய் அல்லவா? முதலில் கோட்டையைப் பார்த்துவிட்டு வா” என்று சொல்லிப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார்.

சனிக்கிழமை காலை மகனும் பேத்தியும் நானும் இராஜகிரி ஏறினோம். செஞ்சிக் கோட்டை என்பது ஒரு கோட்டையன்று. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளின் மேல் மூன்று கோட்டைகளைக் கட்டி, மூன்றையும் நீண்ட மதிலால் பிணைத்து, நடுவே ஒரு நகரத்தையே வைத்திருந்தார்கள். மூன்றிலும் உயர்ந்தது இராஜகிரி, 800 அடி. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, 61 வயதுக்காரன் செய்யும் காரியமா இது என்று தோன்றிற்று. தொடக்கத்தில் மரநிழலில் படிகள் நயமாகவே அழைத்துச் செல்கின்றன. பிறகு பாறையை ஒட்டிச் செங்குத்தாகின்றன. வாயிலுக்கு மேல் வாயில். ஒவ்வொரு வாயிலும் நேராக அமையாமல் முறுக்கித் திருப்பிவிடுகிறது. ஓடிவரும் பகைவன் வேகம் குறையவேண்டும் என்பதற்காக. ஓடாமல் வந்த எனக்கே வேகம் குறைந்தது. குரங்கொன்று பேத்தியின் பன்ரொட்டியைப் பறித்துக்கொண்டு மதில்மேல் அமர்ந்து நிதானமாகத் தின்றது.

உச்சிக்குச் சற்று முன்னே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட அந்தப் பிளவின் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை உலகில் எவரும் நெருங்க முடியாது. அவனும் இறங்க முடியாது. அங்கே சிறிது நேரம் நின்றேன். மகன் நான் களைத்துவிட்டேன் என்றெண்ணித் தண்ணீர் கொடுத்தான்.

உச்சியில் களஞ்சியம், அரங்கநாதர் கோயில், பழைய பீரங்கி ஒன்று, ஓயாத காற்று. கீழே ஏரிகளும் பச்சை வயல்களும் ஊரும் பாய் விரித்தாற்போல் கிடந்தன. பேத்தி விரலை நீட்டித் தன் வீட்டைக் காட்டினாள். எல்லா மாடியும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒரு மாடியில் மட்டும் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் குன்றுக்காக எத்தனை பேர் மாண்டிருக்கிறார்கள்! கோனார்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள் என்று கைமாறி, 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படையிடம் வீழ்ந்து ‘பாதுஷாபாத்’ ஆயிற்று. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் இதற்குள் புகுந்துகொண்டபோது ஆலம்கீர் பாதுஷாவின் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்டவர், 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. எட்டாண்டு! அதற்குள் இராஜாராம் தப்பிவிட்டார். தளபதியின் ‘நுஸ்ரத் ஜங்’ பட்டத்தை ஒட்டி ‘நுஸ்ரத்கட்’ என்ற பெயர் கோட்டைக்கு வந்தது. பிறகு 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். வைத்த பெயர்களெல்லாம் போய்விட்டன. ஊரார் வாயில் அது செஞ்சியாகவே இருந்துவருகிறது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகிய கற்றூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இங்கிருந்து போனவை. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து இராணுவ நிலப்பரப்பு என்ற வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றே.

ஆனால் செஞ்சி என்றதும் தமிழர் நாவில் வரும் பெயர் சுல்தானுமல்ல, பாதுஷாவுமல்ல. பத்து மாதமே கோட்டையை ஆண்ட 22 வயது இளைஞன் தேசிங்கு. அவன் தந்தை சொரூப்சிங், பாதுஷாவால் நியமிக்கப்பட்ட கில்லேதார். அவர் ஆற்காட்டுக்குக் கட்டவேண்டிய வரிப்பணம் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தது. அவர் இறந்ததும் நவாப் சஆதத்துல்லா கான் அந்தப் பாக்கியை மகனிடம் கேட்டார். தேசிங்கு மறுத்தான். பாக்கிக்காகத் தொடங்கிய பேச்சு 1714இல் போராயிற்று. வெள்ளம் புரண்ட சங்கராபரணியைக் குதிரையோடு நீந்திக் கடந்தான் என்று கதை சொல்லும். நண்பன் மகபத்கான் அவனுக்காகப் போரிட்டு மாண்டான். அவனைத்தான் நம் மக்கள் ‘மோவுத்துக்காரன்’ என்று பாடினார்கள். தேசிங்கும் மாண்டான், அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். எதிர்த்து நின்ற நவாபும் முஸ்லிம், தேசிங்குவின் பக்கம் நின்று உயிர்விட்டவனும் முஸ்லிம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டு பேருக்காகவும் அழுத அந்தப் பாடகர்களின் பெருந்தன்மை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1960இல் வந்த திரைப்படத்தை நானும் பின்னாளில் பார்த்தேன்; அக்கா படித்ததுபோல் இல்லை.

சிறுவயதில் குதிரையும் கத்தியும் கேட்டவன், மலையுச்சியில் நின்றபோது அந்தப் பாக்கியைத்தான் நினைத்தேன். தந்தை வைத்துவிட்டுப் போன கணக்கு அது. நல்லவேளை, என்னிடம் நவாப் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கால் நடுங்க இறங்கினேன். ஏறியதைவிட இறங்குவதுதான் கடினமாயிருந்தது.

ஞாயிறு காலை, நாங்கள் புறப்பட வேண்டிய நாள். தேநீர் கொடுத்துவிட்டு அக்கா, “நானும் இன்று கோட்டைக்கு வருகிறேன். ஏறமாட்டேன், கீழே உட்காருகிறேன்” என்றார். வீட்டிலிருந்த அனைவரும் அவரையே பார்த்தோம். மச்சான் உருதுவில் ஏதோ சொன்னார். அக்கா உருதுவிலேயே அதற்கு விடை சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பொருள் விளங்கவில்லை. என் அக்கா எனக்கு விளங்காத மொழியில் சிரிக்கும் ஒரு வாழ்க்கையை 45 ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார் என்பது அன்றுதான் உறைத்தது.

முழங்கால் வலியோடு மெல்ல நடந்து கல்யாண மகாலுக்கு வந்தார். சதுர முற்றம், சுற்றிலும் வளைவு வளைவான அறைகள், நடுவே எட்டடுக்குக் கோபுரம் கூம்பிய கூரையோடு நிற்கிறது. வெளியேயுள்ள குளத்திலிருந்து மண்குழாய் வழியே மாடிகளுக்கு நீர் ஏற்றியிருக்கிறார்கள். “அந்தக் காலத்திலேயே இவர்களுக்கு மாடியில் தண்ணீர்! நான் பதினைந்து வருடம் குடத்தில் தூக்கினேன்” என்றார் அக்கா. வரலாற்றாசிரியர் எவரும் சொல்லாத விமர்சனம்.

பிறகு சஆதத்துல்லா கான் பள்ளிவாசலுக்குப் போனோம். போருக்குப் பின் 1717-18இல் நவாப் எழுப்பிய பள்ளி அது, பாரசீகக் கல்வெட்டுண்டு. சிறியதுதான்; சுற்றிலும் நிசப்தம். மற்றவர்கள் கோயிற்சிற்பங்களைக் காணச் சென்றார்கள். மச்சான் வேண்டுமென்றே பேத்தியையும் அழைத்துக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன். அக்கா படியில் அமர்ந்தார். நான் எதிரே நின்றேன்.

“உட்கார்” என்றார்.

உட்கார்ந்தேன்.

“அவர் நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்த அன்று நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். ஒரு மணி நேரம் இருந்தாய். உட்காரவே இல்லை, நாற்காலி இருந்தது. நின்றுகொண்டே பேசிவிட்டு நின்றுகொண்டே போய்விட்டாய். எனக்கு அன்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.”

நான் நின்றது எனக்கு நினைவில்லை. அவர் சொன்னால் நின்றிருப்பேன். வீடு அப்போது விற்கப்படவும் இல்லை. ஆனாலும் அந்தப் பத்திரம் என்னிடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “தாமதமாகிவிட்டது, அக்கா. மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு என்னால் முடிந்தது” என்று ஏதோ உளறினேன்.

“உன்னால் முடிந்தது என்று சொல்லாதே” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “இது நீ கொடுப்பதல்ல. அத்தா கொடுத்தது. வழியில் உன்னிடம் கொஞ்ச நாள் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.”

மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காசோலையை விரித்துப் படித்தார். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டவர், இதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். தொகையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். பிறகு பெயரில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இது யார் பெயர்?”

“உங்கள் பெயர்தான்.”

“பீவி என்று எழுதியிருக்கிறாய். இங்கே வந்ததிலிருந்து எனக்குப் பேகம் என்றுதான் பெயர். ரேஷன் அட்டையில் பேகம், ஆதாரில் பேகம், பாங்கிலும் பேகம். பத்திரத்தில் நீ பீவி என்று எழுதிக்கொண்டு வந்தாய். சரியென்று அப்படியே கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொள்கிறவர்களுக்கு எந்தப் பெயரானாலும் போதும். கொடுப்பதென்றால் சரியான பெயர் வேண்டும்.”

காசோலைப் புத்தகம் சென்னையில் இருந்தது. திரும்பிவந்த என் மகன் செய்தியறிந்து, “இதற்கென்ன அத்தை, கணக்கு எண்ணைச் சொல்லுங்கள், கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம்” என்று கருவியைக் கையிலெடுத்தான்.

“உன் பையனைச் சும்மா இருக்கச் சொல்” என்று என்னிடம் கூறிய அக்கா, காசோலையை மடித்து என் பையிலேயே வைத்தார். “வேறு எழுதிக்கொண்டு வா. தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவா. வந்தால் இரண்டு நாள் இருக்கவேண்டும். கிருஷ்ணகிரி இன்னும் பார்க்கவில்லையே.”

புறப்படும்போது வண்டியில் ஒரு மூட்டை வேர்க்கடலையும் ஊறுகாய்ச் சாடி ஒன்றும் ஏறின. வழியெல்லாம் என் மனைவி பேசவில்லை, திண்டிவனம் தாண்டியபின், “பேகம் என்று எனக்குத் தெரியும். எழுதுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்.

புதிய காசோலையைச் சரியான பெயருக்கு எழுதி, மனைவியிடம் காட்டி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நேற்று அக்கா பேசினார். வரும்போது மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் ‘பெரிய எழுத்து’ தேசிங்கு ராஜன் கதை கிடைக்கிறதா என்று பார்த்து வாங்கிவரச் சொன்னார், பேத்திக்குப் படித்துக் காட்டுவதற்கு.